ஆயிரத்தி ஐநூறு ரூபாய்க்கு எரிமலை வாயில ஒரு பால்கனி

இந்தோனேசியால சுமத்ரா தீவுல இருக்கற டோபா ஏரியப் பத்தி எழுதறவங்க எல்லாம் எரிமலைல ஆரம்பிச்சு சூரிய உதயத்துல முடிப்பாங்க. நான் ரூம்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஏன்னா அந்த ஊர்ல என்னைய ரொம்ப யோசிக்க வச்சது அந்த ரூம்தான். நம்ம காசுக்கு ராத்திரிக்கு ஆயிரத்தி ஐநூறு ரூபா சுமாரு, அதுவும் ரெண்டு பேருக்கு சேத்து. அதுக்கு ஏரியப் பாத்த பால்கனி, வழவழன்னு மரத்தரை, முழங்கால் உயரத்துக்கு மெத்தை, நெசமாவே சுடற சுடுதண்ணி, அதுபோக ஒரு பாத்டப். பேக்பேக் மாட்டிக்கிட்டு கிளம்புனவனுக்கு பாத்டப் எதுக்குங்கறீங்களா, எனக்கும் அதே சந்தேகம்தான்.

கூட வந்தது என் சித்தப்பா பையன். அவனுக்கு இந்த மூட்டை தூக்கிட்டு சுத்தற சமாச்சாரமே பிடிக்காது. "அண்ணே, சம்பாதிக்கிறது எதுக்கு, ஒழுங்கா ஒரு ரிசார்ட்ல ஏசி போட்டு தூங்கலாம்ல"ன்னு சென்னை ஏர்போர்ட்லயே ஆரம்பிச்சுட்டான். எனக்கு வியட்நாம்லயும் நேபாளத்துலயும் டார்மிட்டரில படுத்துப் படுத்து, ட்ரிப்புன்னா முதுகு வலிக்கணும், பொது பாத்ரூம் வாசல்ல துண்டோட நிக்கணும்னு ஒரு நெனப்பு ஊறிப் போயிருந்துச்சு. அதனால அவன்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சுட்டேன், போற இடத்துல கட்டில்னு ஒன்னு இருந்தாலே பெரிய விஷயம், எதிர்பாக்காத தம்பின்னு.

ரூட் ஒன்னும் கஷ்டம் இல்ல. சென்னைல இருந்து கோலாலம்பூர், அங்க இருந்து ஒரு மணி நேர ஃப்ளைட்ல சுமத்ரால மேடான், குவாலாநாமு ஏர்போர்ட். மலேசியாவுக்கும் மேடானுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம், அதனால கிளம்புன நேரத்துக்கே போய் இறங்கற மாதிரி கடிகாரம் காட்டும், அது ஒரு சந்தோஷம். இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு வந்து இறங்குன பிறகு விசா குடுக்கறாங்க, அஞ்சு லட்சம் ருபியா. அஞ்சு லட்சம்னு போர்டுல பாத்ததும் தம்பிக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு, நம்ம காசுல மூவாயிரத்துக்குக் கீழதான்னு சொன்னப்புறம்தான் மூச்சு வந்துச்சு. அதுக்கப்புறம் ட்ரிப் முடியற வரைக்கும் டீ குடிச்சாக்கூட "லட்சாதிபதி அண்ணே நாம"ன்னுக்கிட்டே வந்தான்.

மேடான்ல ஒரு ராத்திரி. அங்க கம்போங் மெட்ராஸ்னு ஒரு ஏரியாவே இருக்கு. டச்சுக்காரங்க காலத்துல டெலிங்கற பகுதில புகையிலைத் தோட்டம் போட்டப்ப கூலிக்குன்னு கூட்டிட்டு வரப்பட்ட நம்ம ஜனங்களோட வாரிசுங்க இன்னிக்கும் அங்க இருக்காங்க. 1884ல கட்டுன ஸ்ரீ மாரியம்மன் கோயில் நடுத்தெருவுல கோபுரத்தோட நிக்குது, பக்கத்துலயே ஷாப்பிங் மால். கோயில்ல ஒரு வயசான அம்மா எங்க மூஞ்சியப் பாத்து "எந்த ஊரு தம்பி?"ன்னாங்க. தேனிப் பக்கம்மா, டோபாவுக்குப் போறோம்னேன். கொஞ்சம் நேரம் யோசிச்சு யோசிச்சு வார்த்தையத் தேடிப் பிடிச்சு, "அங்க குளிரும்ப்பா, போர்வ கேட்டு வாங்கிக்கோ"ன்னாங்க. மூணு நாலு தலைமுறை தாண்டியும் அந்தத் தமிழ் ஒட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. பசங்க எல்லாம் இந்தோனேசிய பாஷைலதான் பேசிக்கறாங்க, அதுல குத்தம் சொல்ல ஒன்னும் இல்ல.

மேடான்ல இருந்து ஏரிக்கரைல இருக்கற பராபட்டுக்கு நேரா கார், பஸ் எல்லாம் இருக்கு, நாங்க ட்ரெய்ன்ல பெமாதாங் சியான்தார் வரைக்கும் போனோம். ஜன்னலுக்கு வெளிய பாமாயில் தோட்டம், கொஞ்சம் ரப்பர், மறுபடியும் பாமாயில், முடியவே முடியாது. சியான்தார்ல இறங்குனா தெருவுல ஓடற ரிக்‌ஷா எல்லாம் பழைய பிரிட்டிஷ் பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிள்ல சைடு வண்டி மாட்டுனது, இரண்டாம் உலகப் போர் காலத்து வண்டி, இன்னும் டபடபன்னு ஓடுது. பைக் பைத்தியம் உள்ளவங்க ஏரிய விட்டுட்டு இங்கயே நின்னுருவாங்க. எங்க தம்பி அதுல ஏறி ஒரு ரவுண்டு போயிட்டு வந்தான், மூஞ்சி பூரா புகை.

அங்க இருந்து மினிவேன். எனக்குப் பழக்கமான பயணம் அதுதான். காலு நீட்ட முடியாது, டிரைவர் சிகரெட் கைல, ஸ்பீக்கர்ல படாக் பாட்டு (படாக்னா இந்த ஏரியச் சுத்தி இருக்கற மலை ஜனங்க) உச்ச ஸ்தாயில, பை எல்லாம் கூரை மேல. காட்டுக்குள்ள ரோடு வளைஞ்சு வளைஞ்சு ஏறுது, ஓரத்துல குரங்குங்க வரிசையா உக்காந்திருக்கு, அப்புறம் இறக்கம், ஒரு வளைவுல மரம் விலகுனதும் கீழ தண்ணி. ஏரின்னு சொல்றதுக்கு மனசு வரல. அந்தப் பக்கக் கரைன்னு நாம நினைக்கறது கரையே இல்ல, அது நடுவுல இருக்கற தீவு.

அளவு சொல்றேன். ஏரி சுமார் 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம், தண்ணிப் பரப்பு 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல, அதாவது சென்னை மாநகராட்சி மாதிரி ரெண்டரை மடங்கு. ஆழம் 500 மீட்டர். நடுவுல சமோசிர் தீவு, அது சிங்கப்பூர விடக் கொஞ்சம்தான் சின்னது. இது மொத்தமும் ஒரு எரிமலையோட வாய். 74,000 வருஷத்துக்கு முன்னாடி வெடிச்சப்ப உள்ள இருந்து சுமார் 2,800 கன கிலோமீட்டர் குழம்பும் சாம்பலும் வெளிய போயிருக்குன்னு கணக்கு. அவ்வளவும் வெளிய போனதும் மேல இருந்த தரை தாங்க ஆள் இல்லாம அப்படியே உள்ள சரிஞ்சிருச்சு, அந்தப் பள்ளத்துல தண்ணி சேந்ததுதான் டோபா. அதோட விட்டுச்சான்னா இல்ல, கீழ மிச்சம் இருந்த குழம்பு மறுபடியும் முட்டி மேல தூக்குனதுல ஏரியோட அடித்தரையே எந்திரிச்சு வந்து சமோசிர் ஆச்சு. அந்தத் தீவு மலை மேல ஏறிப் பாத்தா ஏரி அடில படியற வண்டல் மண்ணு கிடக்கு, அத வச்சுத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க.

சாம்பல் நம்ம பக்கமும் வந்திருக்கு. ஆந்திரால கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரம்னு ஒரு ஊரு, அங்க மண்ணுக்குள்ள இந்த டோபா சாம்பல் அடுக்கு அடுக்கா இருக்கு. 2007ல வந்த ஆராய்ச்சில அந்தச் சாம்பலுக்குக் கீழயும் கல் ஆயுதம், மேலயும் கிட்டத்தட்ட அதே மாதிரி கல் ஆயுதம் கிடைச்சதுன்னு சொன்னாங்க. டோபா வெடிச்சதுல மனுச இனமே அழியற நிலைக்குப் போச்சுன்னு ஒரு பெரிய கதை ஓடிட்டு இருந்துச்சே, அதுக்கு இது ஒரு பெரிய குட்டு. வானம் இருண்டு சாம்பலா கொட்டிருக்கு, தட்டி விட்டுட்டு மறுபடியும் கல்ல உடைக்க உக்காந்துட்டான் நம்மாளு.

சரி, ரூமுக்கு வருவோம்.

பராபட்ல திகாராஜா படகுத்துறைல டிக்கெட்டுன்னு பெருசா ஒன்னும் கிடையாது, ஏறி உக்காந்துக்க வேண்டியதுதான், நடுத்தண்ணில வந்து காசு வாங்குவாங்க. லைஃப் ஜாக்கெட் எங்க தொங்குதுன்னு ஏறுன உடனே பாத்துக்கங்க. 2018 ஜூன்ல இந்த ஏரியோட வடக்குப் பக்கம் சினார் பாங்குன்னு ஒரு படகு அளவுக்கு மீறி ஆள் ஏத்திட்டுப் போய் கவுந்து 160 பேருக்கு மேல காணாமப் போனாங்க, படகு கிடந்தது 450 மீட்டர் ஆழத்துல, தூக்கவே முடியல. மத்தியானத்துக்கு மேல காத்து ஏறுது, அலையும் நல்லா அடிக்குது, ஏரிதானேன்னு நினைக்கக் கூடாது.

படகுக்காரப் பையன் ஒவ்வொருத்தர்கிட்டயும் எந்த வீட்டுல தங்கறீங்கன்னு கேக்கறான். எதுக்குன்னா சமோசிர்ல இருந்து ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கற துக்துக் தீபகற்பத்துல கெஸ்ட் ஹவுஸ் எல்லாத்துக்கும் தண்ணிக்குள்ள நீட்டிக்கிட்டு சொந்தப் படித்துறை இருக்கு, படகு ஒவ்வொன்னா நின்னு ஆள எறக்கி விட்டுட்டுப் போகுது. எங்கள எறக்கி விட்ட இடத்துல புல்தரை, செம்பருத்தி, அதுக்கு மேல எருமைக் கொம்பு வளைவுல ரெண்டு பக்கமும் தூக்கி நிக்கற படாக் வீட்டுக் கூரை. தம்பி சுத்தி முத்தி பாத்துட்டு, "அண்ணே, தப்பான எடத்துல எறக்கி விட்டுட்டான் போல"ன்னான்.

வாசல் மட்டும் குட்டியா இருந்துச்சு. பழைய படாக் வீட்டுக்கே அப்படித்தான், குனிஞ்சுதான் உள்ள போகணும், ஆணி அடிக்காம மரத்த மரத்துல கோத்துக் கட்டுனது, முன்பக்கம் சிவப்பு வெள்ளை கறுப்புன்னு மூணே கலர்ல செதுக்கல், அதுல பல்லி உருவம், பக்கத்துலயே மார்பகம் செதுக்கி இருக்கு, வளத்துக்காக. இந்த வீடும் வெளிய அப்படியே விட்டுட்டு உள்ள மட்டும் மாத்திருக்காங்க. குனிஞ்சு நிமிந்து பாத்தா ரூம் அவ்வளவு உயரம், கூரை எங்கயோ இருக்கு. பெரிய கட்டில், கம்பளிப் போர்வை ரெண்டு, அந்தம்மா சொன்ன மாதிரி கேட்டு வாங்க வேண்டிய அவசியமே இல்ல. ஃபேன் கிடையாது, ஏசி கிடையாது, தேவையும் இல்ல, ஏரியே 900 மீட்டர் உயரத்துல இருக்கு, வால்பாறைக்குக் கொஞ்சம் கீழன்னு வச்சுக்கங்க. பாத்ரூம் பின்னாடி பாறையோட ஒட்டிக் கட்டி இருக்கு, ஒரு பக்கம் திறந்த குட்டித் தோட்டம், நடுவுல கல்லு பதிச்ச தொட்டி. பால்கனில ரெண்டு மூங்கில் நாற்காலி, நேரா கீழ தண்ணி.

தம்பி ஒன்னும் பேசல கொஞ்ச நேரம். அப்புறம் மெதுவா, "அண்ணே, எதுக்கும் கீழ போய் வாடகைய இன்னொரு தடவ கேட்டுட்டு வந்துருங்க, ஒரு சைபர் விட்டுப் போயிருக்கும்"னான். கேட்டேன். சைபர் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

நடத்தறது அறுபது தாண்டுன ஒரு படாக் அம்மா. எல்லாரும் இபுன்னுதான் கூப்பிடறோம், அந்த ஊர் பாஷைல அம்மான்னு அர்த்தம். ஹோராஸ்னு வணக்கம் சொல்லிட்டு முதல் கேள்வியே உன் மார்கா என்னன்னுதான். மார்கான்னா குலப்பேரு, சிடபுதார், சினாகா, சிதுமோராங்னு நூத்துக்கணக்குல இருக்கு, ஒரே மார்காவுக்குள்ள கல்யாணம் பண்ணக் கூடாது, ரெண்டு படாக் ஆளுங்க சந்திச்சா முதல்ல மார்காவக் கேட்டு யாரு யாருக்கு மாமன் மச்சான்னு கணக்குப் போட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாங்களாம். நம்மூர்ல "நீங்க எந்த ஆளுங்க"ன்னு சுத்தி வளைச்சுக் கேப்பாங்களே, அது ஞாபகம் வந்து எனக்கு உள்ள கொஞ்சம் சுருக்குன்னுச்சு, ஆனா இங்க அதுல மேல கீழங்கற வாசம் எனக்கு அடிக்கல. எங்களுக்கு மார்கா இல்லன்னதும் பாவம் பாத்துட்டு, இங்க இருக்கற வரைக்கும் எங்க மார்காலயே இருந்துக்கங்கன்னுட்டாங்க.

ஒரு நாள் சாயங்காலம் நான் அந்த இபுகிட்டயே கேட்டுட்டேன், இவ்வளவு நல்ல ரூம எப்படி இந்தக் காசுக்குத் தர்றீங்கன்னு. அவங்க சிரிச்சாங்க. இந்த வீட்டையெல்லாம் கட்டுன காலம் வேற. 80கள்லயும் 90களோட பாதி வரைக்கும் ஐரோப்பால இருந்து பேக்பேக்கருங்க பாங்காக், பினாங்கு, மேடான், டோபான்னு ஒரு கோடு போட்டு வந்துட்டே இருந்திருக்காங்க. ஜெர்மன்காரனும் டச்சுக்காரனும் ரூம் இல்லாம வராந்தால படுத்துக் கிடந்திருக்கான். முழு நிலா அன்னிக்கு பார்ட்டி, காளான் ஆம்லெட் விக்கற கடை, எல்லாம் அமோகம். காளான்னா சாதாக் காளான் இல்ல, அந்த போர்டு ஒன்னு ரெண்டு இன்னமும் துக்துக்ல தொங்குது. சும்மா பாத்துட்டு நகந்துருங்க, இந்தோனேசியால போதைப் பொருள் சட்டம் எப்படிப்பட்டதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கூட்டத்த நம்பித்தான் நிலத்த அடமானம் வச்சு, பாலி ரேஞ்சுக்கு ரூம் கட்டிருக்காங்க. 1997ல காட்டுத்தீப் புகை மூட்டம், அதோட கூடவே ஆசியப் பொருளாதார நெருக்கடி, ருபியா பாதாளத்துக்குப் போச்சு, 1998ல மேடான்ல கலவரம். 2002ல பாலி குண்டுவெடிப்பு, 2003ல சார்ஸ், 2004ல சுனாமி. சுனாமிக்கும் டோபாவுக்கும் சம்பந்தமே இல்ல, கடல்ல இருந்து எவ்வளவோ தள்ளி மலை மேல இருக்கு, ஆனா பேப்பர்ல சுமத்ரான்னு பேரு வந்துருச்சுல்ல, ஐரோப்பாக்காரன் மேப்ப விரிச்சா பாக்கப் போறான். அப்படி ஒன்னு மாத்தி ஒன்னு அடிச்சு கூட்டம் வத்திப் போச்சு, கொஞ்சம் தலை தூக்கற நேரத்துல 2020ல கொரோனா. ரூம் மட்டும் அப்படியே நிக்குது. அதாவது நான் படுத்திருந்த மெத்தை, என் ஆயிரத்தி ஐநூறு ரூபாய்க்காகப் போட்டது கிடையாது, வேற யாரோ வருவாங்கன்னு போட்டது.

இதக் கேட்டதுல இருந்து பாத்டப்ல உக்காந்தாலும் எனக்கு இதே யோசனைதான். வாடகைல பேரம் பேசாதீங்கன்னு யாருக்கும் உபதேசம் பண்ண நான் ஆள் இல்ல, ஆனா அங்க நான் பேசல. பக்கத்து ரூமுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் இருபதாயிரம் ருபியா குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நின்னான், நூத்திப்பத்து ரூபா சுமாரு வரும் அது. அவன் பை மட்டுமே முப்பதாயிரம் ரூபா இருக்கும்.

அரசாங்கம் இப்ப டோபாவத் தூக்கி நிறுத்தப் பாக்குது. பாலி மாதிரியே இன்னும் நாலஞ்சு இடத்த உருவாக்கணும்னு போட்ட பட்டியல்ல டோபாவும் இருக்கு, 2020ல யுனெஸ்கோ ஜியோபார்க் ஆச்சு, அதாவது நிலவியலுக்காகப் பாதுகாக்கற இடம், 2023ல பாலிகேங்கற ஊர்ல ஃபார்முலா ஒன் மோட்டார் படகுப் பந்தயம் நடந்துச்சு. ரோடெல்லாம் புதுசு. வார இறுதில மேடான்ல இருந்து குடும்பம் குடும்பமா வந்து இறங்கறாங்க. இபுவுக்கு சந்தோஷம்தான். ஆனா வர்றவங்க புது ஹோட்டல், டிவி, ஸ்பீக்கர், பெரிய பார்க்கிங் இருக்கற இடமாப் பாத்துப் போறாங்களாம், எருமைக் கொம்பு வீட்ட பாத்து "இதுல எங்க பாட்டி இருந்தாங்க, நாங்க எதுக்கு"ங்கறாங்களாம். நியாயம்தானே, நம்மள ஓட்டு வீட்டுல தங்கறதுக்குக் காசு கேட்டா நம்ம அப்பத்தா சிரிக்கும்.

ரூம விட்டு வெளியவே போகலையான்னு கேப்பீங்க. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துக்கிட்டு தீவச் சுத்துனோம். கிழக்குப் பக்கம் மலை செங்குத்தா நிக்குது, மேற்கால மெதுவாச் சரியுது, பலகைய ஒரு பக்கம் தூக்குனா எப்படியோ அப்படி. வழி பூரா வயலுக்கு நடுவுல கல்லறைங்க. கல்லறைன்னா டைல்ஸ் போட்டு, தூண் வச்சு, மேல குட்டியா படாக் வீட்டுக் கூரையும் வச்ச மாளிகை, அதுக்குப் பக்கத்துல உயிரோட இருக்கறவங்க இருக்கறது தகரக் கொட்டகை. முதல்ல புதைச்ச இடத்துல இருந்து தோண்டி எடுத்து, எலும்பச் சுத்தம் பண்ணி, அப்புறம் மொத்தக் குடும்பத்து எலும்பையும் ஒரே இடத்துல வைக்கிற சடங்கு பெரிய திருவிழாவாம், எருமை வெட்டி ஊரையே கூப்பிடுவாங்களாம். ஜெர்மன் பாதிரியார் நொம்மென்சன் காலத்துல இருந்து இவங்கள்ல பெரும்பாலானவங்க கிறிஸ்தவங்க, ஒவ்வொரு மேட்டுலயும் ஒரு சர்ச், ஆனா முன்னோர விடறதா இல்ல. ஞாயித்துக்கிழமை காலைல நாலு பக்கமும் இருந்து கோரஸ் கேக்குது, சும்மா ஊர் சர்ச்சுல பாடறவங்க குரல்தான், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஸ்தாயில எடுத்துப் பாடுவாங்க, அப்படி ஒரு கட்டுக்கோப்பு.

அம்பாரிதால கல் நாற்காலிங்கள வட்டமாப் போட்டு வச்சிருக்காங்க, ராஜா உக்காந்து தீர்ப்பு சொன்ன இடம், தப்பு பண்ணவனை வெட்டித் தின்னுட்டாங்கன்னு கைடு நடிச்சே காட்டுவான். எனக்கு அது கொஞ்சம் டூரிஸ்ட்டுக்குன்னு ஏத்திச் சொன்ன மாதிரி இருந்துச்சு, தம்பி பயந்து போய் தள்ளி நின்னுக்கிட்டான். தீவோட மேற்குல பங்குருரான்ல டச்சுக்காரங்க வெட்டுன கால்வாய் மேல இப்ப புதுசா பாலம். அத வெட்டறதுக்கு முன்னாடி சமோசிர் முழுத் தீவே கிடையாது, ஒரு இடத்துல கரையோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பாலம் தாண்டுனா புசுக் புஹித் மலை அடிவாரத்துல கந்தக வெந்நீர் ஊத்து. மொத படாக் மனுசன் அந்த மலைலதான் வந்து இறங்குனான்னு அவங்க நம்பிக்கை. மலை ஓரம் பூரா வெள்ளையும் மஞ்சளுமா வெந்து போய்க் கிடக்கு, தொட்டில கால வச்சா சூடு நல்லாவே ஏறுது. உள்ள இன்னும் அணையல, தூங்குதுன்னு காட்டறதா நாங்க பாத்த ஒரே இடம் அதுதான். மத்தபடி டோபால எரிமலைங்கற நெனப்பே வராது.

சாப்பாடு. ஆர்சிக்னு கெண்டை மீன் குழம்பு, மஞ்சள் தூக்கலா, தண்ணி வத்தற வரைக்கும் வேக வைக்கிறாங்க. அதுல அந்தலிமான்னு ஒரு மிளகு போடறாங்க, எலுமிச்ச வாசம், நாக்கு மரத்துப் போகும், காரம் எங்க இருந்து வருதுன்னே தெரியாது. நனியுராங்கறது பச்ச மீனப் புளிப்புச் சாறுல ஊற வச்சு மசாலா பூசுனது, நெருப்பே காட்ட மாட்டாங்க, நான் ரெண்டு தட்டு சாப்பிட்டேன், தம்பி தட்டையே தள்ளி வச்சுட்டு, சோயாவப் புளிக்க வச்சு செய்யற டெம்பே வாங்கிக்கிட்டான். அப்புறம் லாப்போ. தூவாக் விக்கற கடை, தூவாக்னா பனைல ஒரு வகை மரத்துல இறக்கற கள்ளு, ஒரு மரப்பட்டையப் போட்டு கசப்பு ஏத்தறாங்க. நம்மூர்ல 1987ல இருந்து கள்ளுக்குத் தடை, இங்க சாயங்காலம் ஆனா ஊர்ப் பெருசுங்க ஜக்கு வச்சுக்கிட்டு கிட்டாரோட உக்காந்துடறாங்க. எங்களையும் பாடச் சொன்னாங்க. தம்பி ஒரு கும்மிப் பாட்ட எடுத்து விட, அந்தப் பெருசுங்க மூணாவது வரிலயே அதுக்குக் கோரஸ் சேத்துட்டாங்க.

திரும்பறப்ப வேற வழி. வடக்கு முனைல சிபிசோ-பிசோ அருவி, சுமார் 120 மீட்டர், ஏரியோட விளிம்புல இருந்து ஒரே கோடா விழுது, அத மேல இருந்து பாத்துட்டு பெராஸ்தாகி வழியா மேடான். கார் டிரைவர் கரோ இனத்துக்காரர், மார்கா செம்பிரிங். செம்பிரிங்குக்குள்ள சோலியா, பாண்டியான்னு எல்லாம் பிரிவு இருக்குன்னு அவரே சொன்னாரு, சோழனும் பாண்டியனும்தான் அதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க நெறய பேர் எழுதிருக்காங்க. சுமத்ரா மேற்குக் கரைல பாருஸ் பக்கம் 1088ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டே கிடைச்சிருக்கு, ஐநூற்றுவர் வணிகக் குழு வச்சது, இந்த மலைக்காட்டுக் கற்பூரம் அந்தத் துறைமுகம் வழியாத்தான் போயிருக்கு. "அப்ப நமக்கும் மார்கா இருக்குண்ணே, அந்த இபுகிட்ட சொல்லிருக்கலாம்"னு தம்பிக்கு ஒரே வருத்தம்.

போறவங்களுக்கு ஒன்னு சொல்றேன். ஆன்லைன்ல ஒரே ஒரு ராத்திரிக்கு மட்டும் ரூம் போட்டுட்டுப் போங்க, அதுக்கப்புறம் நேரா வீட்டுக்காரங்ககிட்டயே பேசி நீட்டிக்கங்க, நடுவுல கமிஷன் போகாம அவங்க கைக்கே காசு போகும். புது காங்க்ரீட் ஹோட்டல விட்டுட்டு எருமைக் கொம்புக் கூரை இருக்கற பழைய இடமாப் பாருங்க, சுடுதண்ணி வருதான்னு குழாயத் திறந்து பாத்துட்டு பைய இறக்குங்க, எல்லா வீட்டுலயும் வராது. சனி ஞாயிறு விட்டுட்டு வார நாள்ல போனா தீபகற்பமே உங்களுது. சாப்பாடு, காபி, துணி துவைக்கிறது எல்லாத்தையும் ஒரு நோட்டுல நீங்களே எழுதி வச்சுட்டு கிளம்பற அன்னிக்குத்தான் மொத்தமாக் கணக்கு. எங்க நோட்ட இபு கூட்டிப் பாத்துட்டு, தம்பி பேருக்கு நேரா இருந்த அவகாடோ ஜூஸ் எண்ணிக்கையப் பாத்து கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடியும் பாத்தாங்க. எல்லாம் அவனே எழுதுனதுதான், ஒன்னுகூட விடல.